முதல் குடம்

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன். விடை தெரிந்தால் மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உரக்கச் சொல்ல வேண்டாம். குடத்தில் பிடிக்கலாம், குடம் கனக்காது. குடித்தால் தாகம் தீராது, பசியும் ஆறாது, ஆனாலும் குடித்தவர் வாயில் முதலில் வரும் சொல் 'போதும்' என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தம்ளர் கேட்டால் மட்டும், குடம் நிறைய இருக்கும்போதே, இல்லை என்று சொல்லத் தோன்றும். அது என்ன?

இதை வெள்ளாரப்பட்டியில் போட்டால் சிரிப்பார்கள். கரட்டூரில் போட்டால் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மொட்டைக் கரடு. வெயில் காலத்தில் ஆடுகூட ஏறாத அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

வெள்ளாரப்பட்டி ரிக் வண்டி ஊர். பூமியில் துளை போட்டுத் தண்ணீர் எடுக்கிற அந்தப் பெரிய வண்டிகள் ஊரில் வீட்டுக்கு ஒன்றாவது உண்டு, ஆனால் ஒன்றும் வீட்டு வாசலில் நிற்காது. தை பிறந்து பொங்கல் நோம்பி முடிந்ததும் கிளம்பினால் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஒடிசா என்று பத்து மாதம் சுற்றி, யார் யாருடைய விவசாயக் காட்டிலோ துளை போட்டுவிட்டு, அடுத்த தைக்குத்தான் திரும்பும். அப்படி ஊர் ஊராகத் தண்ணீர் காட்டிக் கொடுத்தவர்களின் சொந்த ஊரில் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வந்தது. அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

செங்கோட்டுவேல் பதினேழு வயதில் வண்டியில், துளைக்குள் இறக்குகிற இரும்பு ராடு தூக்கப் போனவன். நாற்பத்திரண்டு வயதில் அவனுக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்தது. பதினோரு மாநிலத்து மண்ணை அவன் கால் அறியும். ராடு இறங்குகிற சத்தத்தை வைத்தே எத்தனை அடி, என்ன கல் என்று சொல்லிவிடுவான். தண்ணீர் பீறிட்டு வரும்போது அந்தந்த ஊர்க்காரர்கள் நனைந்துகொண்டு குதிப்பார்கள், பெண்கள் குலவை போடுவார்கள், கிழவர்கள் அழுவார்கள். அப்போது செங்கோட்டுவேல் தலையைக் குனிந்து ராடுகளைக் கழற்றிக்கொண்டிருப்பான், ஏனென்றால் அடுத்த ஊரில் ஆள் காத்திருக்கும். இருபத்தைந்து வருஷத்தில் எவ்வளவோ சந்தோஷம் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்தது. திரும்பிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

அவனுக்கு வளர்மதி என்று ஒரு மனைவி, கோதை என்று பத்து வயதில் ஒரு பெண். இரண்டாவதாக ஒரு பையன் பிறந்து, எட்டாம் மாதம் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது செங்கோட்டுவேல் இரண்டு நாள் ரயில் தூரத்தில் ஒரு காட்டுக்குள் இருந்தான். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தபோது வளர்மதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம், சோறு ஆக்கினாள், துணி துவைத்தாள், மகளுக்குத் தலை வாரிவிட்டாள், வேலை முடிந்ததும் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பேச்சு மட்டும் இல்லை. கோதை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா கேட்க வேண்டிய கேள்வியைத் தானே அம்மாவின் குரலில் கேட்பாள், பதிலைத் தன் குரலில் சொல்வாள். "இன்னிக்கு என்னடி நடந்துச்சு?" "இன்னிக்குக் கணக்கு டீச்சர் வரலீங்கம்மா." "அப்பறம் என்ன பண்ணுனீங்க?" "சும்மா உக்காந்திருந்தோமுங்க." இப்படி ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தெருவில் போகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த வருஷம் குழாயில் ஒன்பது நாள் என்பது பதினாறு நாள் ஆனது. ஊர்க் கமிட்டித் தலைவர் அர்த்தநாரி, வைகாசியில் வண்டி ரிப்பேருக்காக ஊருக்கு வந்திருந்த செங்கோட்டுவேலைப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புறம்போக்கில் நீரோட்டம் பார்த்தார்கள். பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்தார். தண்ணீர் இருக்கிற இடத்தில் படுத்திருக்கும் தேங்காய் எழுந்து நிற்க வேண்டும். அது எழுந்து நிற்கவில்லை, கிச்சுக்கிச்சு மூட்டினது போல உருண்டு துள்ளியது. "இப்படி ஒரு தேங்காய நான் பாத்ததில்லீங்க" என்றார் அவர். "துள்ளுதில்ல, போடு" என்றார் அர்த்தநாரி.

போட்டார்கள். இருபதடி ராடு ஒவ்வொன்றாக இறங்கியது. மூன்று ராடு வரை செம்மண்ணும் சுக்கான் கல்லும், பிறகு கருங்கல், பிறகு வெறும் வெள்ளைக் கல் மாவு. ஊரே தலையில் மாவு படிந்து நின்றது. ஐம்பத்தாறாவது ராடு இறங்கினபோது, அதாவது ஆயிரத்து நூற்றிருபது அடியில், மாவு நின்றது. தண்ணீர் வரவில்லை. வெயிலில் தார் ரோட்டின் மேல் நெளியுமே, அதுபோல ஒரு நெளிவு குழியின் வாயில் தெரிந்தது. அவ்வளவுதான். குழிக்கு மேல் குனிந்து பார்த்தவன் செங்கோட்டுவேலின் கூட்டாளி குப்பணன். பதினோரு மாநிலத்திலும் சண்டை போட்டுவிட்டு வந்தவன், ஊரில் பேச்சுவார்த்தை உள்ள ஆளே இல்லாதவன். அவன் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து ராடுகளின் மேல் உட்கார்ந்தான்.

"போதும்டா மாப்ள" என்றான்.

"என்னது போதும்?"

"எல்லாந்தான்."

அந்த ஊரில் அதுவரை எல்லோரும் அந்தச் சொல்லைச் சோற்றுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்கள்.

ரிக் ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. துளை போட்ட இடத்தில் முதல் குடத்தை வயதுக்கு வராத ஒரு பெண்குழந்தைதான் பிடிக்க வேண்டும். பிடித்த கைதான், அவள் வயதுக்கு வரும்வரை, தினமும் வால்வைத் திறக்க வேண்டும். வேறு கை பட்டால் ஊற்று ஓடிப்போய்விடும். இதை அவர்கள் எத்தனையோ ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தாங்களும் நம்பினார்கள். அன்று குடத்தோடு நின்றிருந்தவள் கோதை. "தண்ணிதான் வரலீங்களே" என்றாள். "வந்ததப் புடி அம்மிணி" என்றார் அர்த்தநாரி. அவள் பிடித்தாள். குடம் கனக்கவில்லை, ஆனாலும் பழக்கத்தில் இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

வளர்மதி எழுந்து, வந்தது தண்ணீர் என்று நினைத்து, ஒரு தம்ளர் மொண்டு குடித்தாள். "என்ன இது, ஒண்ணுமே இல்ல" என்று தம்ளரைக் கவிழ்த்துப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். பிறகு மகளைப் பார்த்து, "இன்னிக்கு என்னடி நடந்துச்சு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி தன் வாயிலிருந்து வந்ததா என்று கோதை ஒரு நிமிஷம் குழம்பிப்போனாள். வாசலில் நின்ற செங்கோட்டுவேல், இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக, தான் போட்ட துளையிலிருந்து வந்தது என்ன செய்யும் என்பதை நின்று பார்த்தான்.

ஊர் அதற்கு 'நல்லது' என்று பெயர் வைத்தது. எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் எப்படிப் பங்கு போடுவது என்று பேச ஆரம்பித்தார்கள், அதற்குப் பிறகு முதல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. குழிக்குக் கேசிங் பைப் இறக்கி, வால்வு வைத்து, சிமெண்ட் மேடை கட்டி, இரண்டு குழாய் போட்டார்கள். வீட்டுக்கு இரண்டு குடம், காலை ஆறு மணிக்கு. எவர்சில்வர் குடத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் போய்விடுகிறது, பிளாஸ்டிக் குடத்தில் ஈரத்துணி மூடி வைத்தால் ராத்திரி படுக்கிற வரை நிற்கிறது என்று பெண்கள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தார்கள். மோரில் ஒரு கரண்டி கலந்தார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு உச்சந்தலையில் தடவினார்கள், பிள்ளைகள் பாதி எழுதிவிட்டுப் போதும் என்று எழுந்து வந்தார்கள். மருமகள் முகம் கழுவுகிற தண்ணீரில் மாமியாரும், மாமியார் வெற்றிலைச் செல்லத்தில் மருமகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஊற்றினார்கள். எழவு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு சொம்பு கொண்டுபோனார்கள். ஒப்பாரி வைக்கிற பழனாத்தாள் இரண்டாவது அடியிலேயே நிறுத்தி, "போதும், நல்லாத்தான் வாழ்ந்தான்" என்று எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள், செத்தவனின் பெண்டாட்டி தலையாட்டினாள். ரிப்பேருக்கு வந்த வண்டிகள் திரும்பிப் போகவில்லை, போன வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, இருபது வருஷமாகச் சேர்ந்து இருக்காத புருஷன் பெண்டாட்டிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். நல்லது மறுநாள் விடிவதற்குள் உடம்பிலிருந்து இறங்கிவிடும். அதனால் காலை ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவிலான அரைமணி நேரத்தில் மட்டும் வெள்ளாரப்பட்டியின் பழைய முகம் வெளியே வரும். வரிசையில் இடத்துக்குக் கல் வைத்தார்கள், கல்லைத் தள்ளினார்கள்.

"ஏனுங்கக்கா, கல்ல வெச்சுட்டுப் போய்த் தூங்குனா எடம் ஆயிருமா?"

"அது நேத்தே வெச்ச கல்லு அம்மிணி. எங்கூட்டுக் கல்லு. வேணும்னா மோந்து பாரு."

"மோந்து பாக்கறதுக்கு நானென்ன நாயா?"

"நான் சொல்லல, நீயே சொல்லிக்கிட்டே."

முடியைப் பிடிக்கிற அளவுக்குப் போகும். ஆறு மணிக்குக் கோதை வந்து ஸ்பேனரை மாட்டித் திருப்புவாள், முதல் வாய் குடித்ததும் சண்டை போட்டவர்கள் ஒருவர் குடத்தை ஒருவர் தூக்கிவிடுவார்கள். போதும் என்று சொல்வதற்காகத் தினமும் அடித்துக்கொண்டார்கள். ஒரு நாள்கூட அது போதவில்லை.

ஆடி நோம்பிக்குச் செங்கோட்டுவேலின் தங்கை ருக்குமணி வந்தாள். கரட்டூரில் வாக்கப்பட்டவள். அவள் சிரிப்பு இரண்டு ஊருக்கும் பழக்கம். பஸ்ஸில் அவள் சிரித்தால் விசில் ஊதியதாக நினைத்து டிரைவர் வண்டியை நிறுத்துவார் என்று கேலி பேசுவார்கள். அவளுடைய மூன்று வயது மகன் குகனுக்கும் அதே சிரிப்பு, முன்பல் இரண்டு விலகியிருப்பதால் நடுவில் கொஞ்சம் காற்று போகும், அவ்வளவுதான் வித்தியாசம். அன்று அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கச்சாயப் பலகாரத் தூக்கை வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். குகன் அவள் வைத்த இடத்தில் நின்றான்.

"என்ன அம்மிணி, மேலுக்குச் சரியில்லியா?" என்றான் செங்கோட்டுவேல்.

"நல்லாத்தான் இருக்கேண்ணா. சிரிக்கோணும்னுதான் நெனைக்கிறேன், வரமாட்டீங்குது. எதையோ எங்கியோ வெச்சுட்டுத் தேடறாப்ல இருக்குது." நோய் விவரம் சொல்வது போல அவள் சொல்லிக்கொண்டு போனாள். "எனக்கு மட்டுமில்ல, ஊருக்கே அப்படித்தான். வைகாசியிலருந்து. போன வாரம் ஒரு கண்ணாலம். பத்திரத்துல கையெழுத்துப் போடறாப்ல மாலைய மாத்திக்கிட்டு எறங்குனாங்க. மாடு கண்ணு போட்டா யாரும் எந்திரிச்சுப் போய்ப் பாக்கறதில்ல. பள்ளிக்கூடத்துல மணி அடிச்சா புள்ளைங்க வெளிய வந்து வரிசையா நிக்குதுங்க, மறுக்கா மணி அடிச்சா உள்ள போகுதுங்க."

வளர்மதி மனம் இளகி, நல்லது கலந்த மோர் ஒரு தம்ளர் கொண்டுவந்தாள். ருக்குமணி குடித்தாள். குடித்தவள் சிரித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது, "ருக்குவா வந்திருக்குது?" என்று யாரோ கேட்டார்கள். ருக்குமணி சட்டென்று நிறுத்தினாள். அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்க, இன்னொரு வாய் குடுங்க."

இரண்டாவது வாயை அவள் விழுங்காமல், உப்புப் பார்க்கிறவள் போல நாக்கில் வைத்திருந்தாள்.

"இது எங் குகனோடது" என்றாள்.

"எதுடி?"

"சிரிப்பு. பல்லுச் சந்துல காத்துப் போவுமே, அது. மூணு மாசமா எங்கூட்டுல இல்லாத சிரிப்பு உங்க கொடத்துல இருக்குதுங்க நங்க."

வளர்மதி ஈரத்துணியை எடுத்துக் குடத்தை மூடினாள்.

செங்கோட்டுவேலுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவன் காட்டில் ஆழமாகத் துளை போட்டால் பக்கத்துக் காட்டுக் கிணறு இறங்கும். அது ரிக் வண்டியில் டீ வாங்கி வருகிறவனுக்குக்கூடத் தெரியும். எத்தனையோ ஊரில் பக்கத்துக் காட்டுக்காரன் தடியோடு ஓடி வந்திருக்கிறான், புரியாத பாஷையில் கத்தியிருக்கிறான், மண்ணில் விழுந்து புரண்டிருக்கிறான். அவனுக்கெல்லாம் செங்கோட்டுவேல் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்: "அடியில நடக்கறது யாருக்குங்க தெரியும்?" அப்படிச் சொல்லிவிட்டு ராடைக் கழற்றுவான். இப்போது தடி இல்லாமல், கத்தாமல், நாற்காலியின் நுனியில் அவன் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

கிணறு இறங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாரை ஒரு நாள் நிறுத்திவிட்டுப் பக்கத்துக் கிணறு ஊறுகிறதா என்று பார்க்க வேண்டும். ருக்குமணி அன்று சாயங்காலமே ஊர் திரும்பினாள். மறுநாள் காலை செங்கோட்டுவேல், வால்வில் வாசர் தேய்ந்துவிட்டது, இன்றைக்குத் திறக்கக் கூடாது என்று கோதையிடம் சொல்லிவிட்டான். ஊர் திட்டிவிட்டுப் போனது. மத்தியானம் மூன்று மணிக்குக் கரட்டூரிலிருந்து போன் வந்தது. பேசியது ருக்குமணி, ஆனால் பேச்சு வரவில்லை, பின்னால் குகன் சிரிக்கிற சத்தம்தான் வந்தது. "அண்ணா, ஆடு இவன் டவுசரத் தின்னுருச்சுண்ணா" என்றாள் அவள், அதற்குமேல் முடியாமல் தானும் சிரித்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு தெருவே சிரித்தது. செங்கோட்டுவேல் போனைக் காதில் வைத்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். வளர்மதி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கோதை, "இன்னிக்கு என்னடி நடந்துச்சு?" என்று கேட்டு, "ஒண்ணும் நடக்கலீங்கம்மா" என்று பதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வால்வு திறந்தது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஊர்க் கூட்டம். எல்லோரும் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். செங்கோட்டுவேலும் ஒரு தம்ளர் குடித்திருந்தான், ஊர் முன்னால் எழுந்து பேச வேண்டியிருந்ததால். அதனால் அவன் எல்லாவற்றையும் சொன்னான், ஆனால் கோபம் இல்லாமல் சொன்னான், மழை நிலவரம் சொல்வது போல இருந்தது. ஊரும் அப்படியே கேட்டுக்கொண்டது.

"பாவந்தான்" என்றார் அர்த்தநாரி, மலர்ந்த முகத்தோடு. "ஆனா நாம என்ன திருடுனமா? நம்ம எடத்துல நாம தோண்டுனோம்."

"கரட்டூர்க்காரனும் தோண்டிக்கட்டும். நாமளே வண்டி அனுப்புவோம்" என்றான் ஒருவன்.

"ஏன், வாரத்துக்கு ஒரு டேங்கர் நல்லது கொண்டுபோய் ஊத்தீட்டு வருவோம். அண்ணந்தம்பி ஊரு, விட்டுற முடியுமா?" என்றான் குப்பணன். எல்லோரும் கைதட்டினார்கள். தங்கள் பெருந்தன்மையை நினைத்துச் சிலருக்குக் கண் கலங்கியது.

அப்போது செங்கோட்டுவேல் ஒன்று சொன்னான். அதை வேறு தொழில்காரன் சொல்லியிருக்க மாட்டான். "இன்னும் பதினாலு ராடு எறக்கிப் பாப்போம். அதுக்குக் கீழ வேற ஊத்து இருக்கும். அது யாரோடதும் இல்ல. ரெண்டு ஊருக்கும் பத்தும்." வறண்டால் இன்னும் இருநூறு அடி, அதுவும் வறண்டால் இன்னும் இருநூறு அடி என்று இருபத்தைந்து வருஷமாக ஊர் ஊராகச் சொல்லிவந்த வார்த்தை. அடியில் எங்கோ, யாருக்கும் சொந்தமில்லாத ஊற்று ஒன்று காத்திருக்கிறது என்று அவன் உண்மையாகவே நம்பினான். அதை நம்பாமல் ஒருவன் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. தங்கையும் சிரிக்க வேண்டும், மனைவியும் சிரிக்க வேண்டும், அதற்கு அவனிடம் இருந்த ஒரே வழி ஆழம்.

ஆயிரத்து நானூறு அடி போனது. நல்லது இரண்டு மடங்கு வேகத்தில் வந்தது. தொட்டி வழிந்தது, வழிந்ததை நாய்கள் நக்கிவிட்டுத் தங்கள் வாலைத் தாங்களே துரத்தின. செங்கோட்டுவேல் தனக்குள் பெருமைப்பட்டான். டேங்கருக்கு மாலை போட்டு, பேனர் கட்டி, பட்டாசு வெடித்துக் கரட்டூருக்கு அனுப்பினார்கள். கரட்டூர்ப் பெண்கள் கல் வைக்கவில்லை, முண்டியடிக்கவில்லை, வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு குடம் வாங்கினார்கள். குடித்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தி, "இது எங்க மாமனார் சிரிப்பு" என்றாள். "இது எம் புள்ள சடங்கன்னிக்குச் சிரிச்சது" என்றாள் இன்னொருத்தி. டேங்கர் திரும்பிக் கரட்டைத் தாண்டுவதற்குள் அந்தச் சிரிப்பும் இறங்கிவிட்டது. இரண்டாவது வாரம் குடித்தவர்கள் புன்னகைத்தார்கள். மூன்றாவது வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து வருஷம் காய்ந்த காட்டில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் எங்கே போயிற்று என்றே தெரியாதே, அப்படி. நான்காவது வாரம் டேங்கர் போகவில்லை. கரட்டூரிலிருந்து யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு, வரிசையில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, ருக்குமணி குகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கரட்டைச் சுற்றி நடந்தே வந்தாள். வீட்டுக்குப் போகவில்லை, நேரே மேடைக்கு வந்தாள். அங்கே அவள் அண்ணன் நின்றிருந்தான். அவன் மகள் கோதை ஸ்பேனரோடு நின்றிருந்தாள், முதல் குடம் பிடித்தவளுக்கு மேடையிலேயே ஒரு தம்ளர் என்பது வழக்கம், அந்தத் தம்ளரும் அவள் கையில் இருந்தது. வரிசையில் ஏழாவதாக, ஆரஞ்சு நிறக் குடத்தோடு வளர்மதி நின்றிருந்தாள். நேற்றைய நல்லது இறங்கியிருந்தது. அவள் கண் பள்ளிக்கூடத்துச் சுவரில் இருந்தது.

"நேத்து இவன் கெணத்து மேட்டுல நின்னுட்டு இருந்தாண்ணா" என்றாள் ருக்குமணி. "எட்டி உள்ள பாத்துட்டு இருந்தான். உழுந்துருவான்னு எனக்குத் தெரிஞ்சுது. கூப்படோணும்னு தோணல. நின்னு பாத்துட்டு இருந்தேன். அந்த வழியா வந்த பஸ் கண்டக்டரு, வெளியூர்க்காரரு, அவருதான் கத்துனாரு. மறுக்கா போனான்னா யாரு கத்துவாங்கன்னு தெரீல." சேலை நுனியால் மகனின் மூக்கைத் துடைத்தாள். "அழுகறதுக்கு வரலண்ணா, அதும் வரமாட்டீங்குது. சொல்லீட்டுப் போலாம்னு வந்தேன்."

வரிசையில் சண்டை நின்றிருந்தது. இன்னும் யாரும் குடிக்கவில்லை, அதனால் அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"மணி ஆகுது" என்றார் அர்த்தநாரி. "குடிச்சுட்டுப் பேசலாம்."

கேசிங் பைப்பின் வாயில் ஒரு இரும்பு மூடி வைத்து, நான்கு போல்ட் முடுக்கி, மேலே சிமெண்ட் போட செங்கோட்டுவேலுக்கு அரைமணி நேரம் போதும். அந்தக் கை எத்தனையோ வறண்ட துளைகளை அப்படி மூடியிருக்கிறது. அவன் தங்கையைப் பார்த்தான். வரிசையில் ஏழாவதாக நின்றவளைப் பார்த்தான். பிறகு, முதல் குடம் பிடித்த கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்கிற வழக்கம் அவனுக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததும் அவன் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

"நீயே முடிவு பண்ணு கண்ணு" என்றான் மகளிடம். "புடிச்ச கை உன்னோடது."

கோதை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடுனா அம்மா திரும்பச் செவுத்தப் பாத்துப் படுத்துக்குவாங்களா?"

"தெரீல சாமி."

"தொறந்தா குகன் கெணத்துல உழுந்துருவானா?"

"தெரீல."

"உங்களுக்கு என்னதானுங்கப்பா தெரியும்?"

அவனுக்கு ஆழம் தெரியும். எந்தக் கல்லுக்குக் கீழே எந்தக் கல் என்று தெரியும்.

ஆறு மணிக்குக் கோதை வால்வைத் திறந்தாள். அம்மாவின் குடத்தை வாங்கி முதலில் பிடித்துக் கொடுத்தாள். தான் குடிக்காமல், தன் தம்ளரைத் துடைத்து மேடையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு அத்தையின் இடுப்பிலிருந்து குகனை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட நேரம் வந்தபோதும் இறக்கிவிடாமல் அவனையும் தூக்கிக்கொண்டு போனாள்.